கலக்கு வினைகலன்களில் கொந்தளிப்பு ஓட்டம்: அளவிடலும் மாதிரியாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

வேதித் தொழிற்சாலைகளில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பலபடி ஆகியவற்றுள் பெரும்பங்கு கலக்கு வினைகலன்களில் உருவாகின்றது. அக்கலன்களுக்குள் நீர்மம் கொந்தளிப்பு ஓட்டமாக இயங்குகிறது. அவ்வோட்டத்தை அளவிடும் முறைகளும் கணினியில் மாதிரியாக்கும் முறைகளும் கடந்த எழுபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. ஆயினும், வேதிவினைக்கு மிகவும் தேவையான அளவாகிய ஆற்றல் சிதறல் வீதமே அளவிடுவதற்கும் கணிப்பதற்கும் மிகக் கடினமானதாக நிற்கிறது. சராசரித் திசைவேகம் பொருந்துவதை மட்டும் கொண்டு ஒரு மாதிரியைச் சரியெனக் கொள்ளுதல் பிழைக்கு வழிவகுக்கும் என்பதையும், எளிய ஆய்வகச் சோதனைகள் மூன்றினைக் கொண்டு மாதிரியைச் சரிபார்க்க இயலும் என்பதையும் இக்கட்டுரை ஒரு கணக்கீட்டு எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலக்கு வினைகலன், கொந்தளிப்பு ஓட்டம், ஆற்றல் சிதறல் வீதம், லேசர் டாப்ளர் விரைவுமானி, அளவுப்பெருக்கம்

முன்னுரை

ஆய்வகத்தில் இருபது லிட்டர் கண்ணாடிக் கலனில் நல்ல விளைச்சல் தந்த ஒரு வேதிவினை, தொழிற்சாலையில் இருபதாயிரம் லிட்டர் கலனுக்குச் சென்றதும் விளைச்சல் குன்றி, வேண்டாத துணைப்பொருள்களை மிகுதியாகத் தருவதுண்டு. வேதிப்பொருள்கள் மாறவில்லை, வெப்பநிலை மாறவில்லை, செறிவும் மாறவில்லை. மாறியது கலக்கும் முறை மட்டுமே. வேதியியலார் எழுதும் சமன்பாட்டில் இடம்பெறாத ஒரு காரணி வினையின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதே இதன் பொருள்.

கலக்குதல் பிழைத்தால் விளைச்சல் மட்டும் கெடுவதில்லை. 1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் செவெசோ நகருக்கு அருகில் நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்று. முக்குளோரோபீனால் தயாரித்த வினைகலன் ஒன்றில் பணி இடையில் நிறுத்தப்பட்டு, கலக்கியும் நிறுத்தப்பட்டது. நீர்மத்தின் மேல்மட்டத்துக்கு மேலிருந்த கலன்சுவர் சூடாகவே இருந்தது. கலக்குதல் இன்மையால் அவ்வெப்பம் மேலடுக்கில் மட்டும் தேங்கி, அங்கே வெப்ப உமிழ் வினையைத் தூண்டிற்று என்பது பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் தந்த விளக்கம். சில மணி நேரம் கழித்துப் பாதுகாப்புத் தகடு வெடித்து டையாக்சின் நச்சு ஊரெங்கும் பரவியது. கலன் நன்கு கலக்கப்பட்டிருந்தால் அவ்வெப்பம் முழு நீர்மத்திலும் பரவித் தணிந்திருக்கும்.

கடலூர் சிப்காட் வளாகம் முதல் மும்பை, வதோதரா வட்டாரங்கள் வரை இந்திய வேதித் தொழிற்சாலைகளில் இத்தகைய கலன்களே அன்றாடக் கருவிகள். ஆகவே அவற்றுள் ஓடும் நீர்மத்தின் இயல்பைத் தமிழில் தெளிவுற விளக்குவது தேவையாகிறது.

சொல்லாட்சி குறித்து

தொழிற்சாலைத் தளத்தில் ‘ரியாக்டர்’, ‘அஜிடேட்டர்’, ‘பேஃபிள்’ என்று வழங்கப்படுவன இங்கு முறையே வினைகலன், கலக்கி, தடுப்புத்தகடு எனக் குறிக்கப்படுகின்றன. பள்ளிப் பாடநூல்களில் ‘சுழற்சி ஓட்டம்’ எனப்படுவது இங்குக் கொந்தளிப்பு ஓட்டம் எனப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. கலக்கு வினைகலனில் நீர்மம் முழுவதும் தண்டைச் சுற்றி ஒழுங்காகச் சுழலவும் கூடும். ஒழுங்கின்றிக் கொந்தளிக்கவும் கூடும். முன்னது கலக்காத சுழற்சி. பின்னது கலக்கும் கொந்தளிப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இத்துறையின் அடிப்படை வேறுபாடே மறைந்துவிடும்.

கலனின் அமைப்பும் மத்தின் பாடமும்

இவ்வேறுபாட்டை உணர நம் வீட்டு மத்தே போதுமானது. பெரும்பாணாற்றுப்படை ஆயர்மகள் விடியற்காலையில் தயிர் கடைவதைக் காட்டுகிறது. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களிலும் கயிற்று மத்து நெடுங்காலம் வீட்டுக் கருவியாக இருந்தது. கயிற்றின் இரு முனைகளையும் மாறிமாறி இழுக்கும்போது மத்து ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கிறது. ஒரே திசையில் சுழற்றினால் பானையிலுள்ள தயிர் மத்துடன் சேர்ந்து ஒரே உடலாகச் சுற்றும். நடுவில் பள்ளம் விழும். தயிருக்குள் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் இடையே சார்பியக்கம் குறையும். திசை மாறுவதால் இந்த ஒட்டுமொத்தச் சுழற்சி நிலைபெறுவதில்லை.

தொழிற்சாலைக் கலனில் கலக்கி பெரும்பாலும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. எனவே அங்கு ஒட்டுமொத்தச் சுழற்சியை முறிக்கும் பணியைக் கலன்சுவரில் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட தடுப்புத்தகடுகள் செய்கின்றன. வழக்கமாக நான்கு தகடுகள். ஒவ்வொன்றின் அகலமும் கலன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு.

ஆய்வாளர்கள் மிகுதியாக ஆராய்ந்த கலக்கி ரஷ்டன் சுழலி ஆகும். இது ஒரு வட்டத்தகட்டின் விளிம்பில் ஆறு செங்குத்து இதழ்களைக் கொண்டது. அதன் விட்டம் பொதுவாகக் கலன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இச்சுழலி நீர்மத்தை ஆரத்திசையில் சுவரை நோக்கி வீசுகிறது. சுவரில் மோதிய தாரை மேலும் கீழுமாகப் பிரிந்து, கலக்கிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு பெருஞ்சுற்றுகளை உருவாக்குகிறது. சாய்ந்த இதழ் கொண்ட கலக்கியோ நீர்மத்தை அச்சுத்திசையில் கீழ்நோக்கித் தள்ளி, முதன்மையாக ஒரே சுற்றை உருவாக்கும்.

இக்கண்ணுக்குத் தெரியும் சுற்றுகளுக்குள் நுண்மையான மற்றோர் அமைப்பும் உண்டு. ரஷ்டன் சுழலியின் ஒவ்வோர் இதழின் பின்புறத்திலும் இரண்டு சுழல்கள் தோன்றி, இதழைத் தொடர்ந்து செல்கின்றன. நெதர்லாந்தில் வான்ட் ரீட், ஸ்மித் ஆகியோர் 1970-களில் இத்தொடர்சுழல்களை விரிவாக ஆராய்ந்தனர். கலனில் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி இச்சுழல்களிலும் அவை கலையும் தாரையிலுமே சிதறுகிறது.

ஒரு கலனின் கணக்கு

பொதுவான கூற்றுகளைவிட ஓர் எடுத்துக்காட்டு தெளிவு தரும். விட்டமும் நீர்ம உயரமும் 0.3 மீட்டர் கொண்ட ஓர் ஆய்வகக் கலனைக் கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 21 லிட்டர். அதில் நீர் நிரப்பி, 0.1 மீட்டர் விட்டமுள்ள ரஷ்டன் சுழலியை நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று வேகத்தில் இயக்குவோம்.

முதலில் அறிய வேண்டுவது ரெனால்டு எண். கலக்கு கலனுக்கு இது நீர்ம அடர்த்தி, சுழற்சி வேகம், கலக்கி விட்டத்தின் இருமடி ஆகியவற்றின் பெருக்கத்தைப் பாகியல் எண்ணால் வகுத்துப் பெறப்படும். இங்கு அது 50,000. தடுப்புத்தகடுள்ள கலனில் இவ்வெண் 10-க்குக் கீழிருந்தால் ஓட்டம் சீரானது. 10,000-க்கு மேற்பட்டால் முழுக் கொந்தளிப்பு. ஆக நம் கலனில் கொந்தளிப்பு ஓட்டமே நிகழ்கிறது.

அடுத்தது திறன். ரஷ்டன், காஸ்டிச், எவரெட் ஆகியோர் 1950-இல் வெளியிட்ட அளவீடுகள் இத்துறையின் அடித்தளமாக அமைந்தன. முழுக் கொந்தளிப்பில் திறன் எண் ரெனால்டு எண்ணைச் சாராத மாறிலியாகிறது. ரஷ்டன் சுழலிக்கு அது ஏறத்தாழ 5. திறன் என்பது திறன் எண், அடர்த்தி, சுழற்சி வேகத்தின் மும்மடி, கலக்கி விட்டத்தின் ஐம்மடி ஆகியவற்றின் பெருக்கம். வேகத்தை இருமடங்காக்கினால் திறன் எட்டு மடங்காகும். கலக்கி விட்டத்தை இருமடங்காக்கினால் முப்பத்திரண்டு மடங்காகும். நம் கலனில் திறன் 6.25 வாட். இதனை நீர்ம நிறையால் வகுக்க, ஒரு கிலோகிராமுக்குச் சராசரியாக 0.29 வாட் ஆற்றல் சிதறுகிறது.

இவ்வாற்றல் எவ்வாறு சிதறுகிறது? கலக்கி முதலில் தன் அளவை ஒத்த பெரிய சுழல்களை உருவாக்குகிறது. அவை சிதைந்து சிறிய சுழல்களாகின்றன. அவை மேலும் சிறியனவாகின்றன. இறுதியில் பாகியல் விசை வெல்லும் ஒரு நுண்ணளவில் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இந்நுண்ணளவைக் கணிக்கும் வழியை உருசியக் கணிதவியலாளர் கோல்மகோரவ் 1941-இல் வகுத்தார். பாகியல் எண்ணும் சிதறல் வீதமும் தெரிந்தால் போதும். நம் கலனில் அது சராசரியாக 43 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனுக்கு நிகரானது. கலக்கியை ஒட்டிய பகுதியில் சிதறல் வீதம் சராசரியைப்போல் இருபது மடங்கு எனக் கொண்டால், அங்கு இந்நுண்ணளவு 20 மைக்ரோமீட்டராகச் சுருங்கும்.

இந்த 43 மைக்ரோமீட்டர் என்னும் எண்ணில்தான் அளவிடலின் இடரும் மாதிரியாக்கத்தின் இடரும் ஒருங்கே அடங்கியுள்ளன.

வேதிவினைக்கு இது ஏன் தேவை?

கலனில் ஊற்றப்படும் ஒரு துளி வினைப்பொருள் இரு கட்டங்களாகக் கலக்கிறது. முதற்கட்டம் பருக்கலப்பு: பெருஞ்சுற்றுகள் அதனைக் கலன் முழுவதும் கொண்டுசேர்த்தல். நம் கலனில் இது ஏறத்தாழ 5.6 நொடி பிடிக்கும் எனக் கலப்புப் பொறியியலில் பரவலாக வழங்கும் தொடர்பு காட்டுகிறது. அடுத்த கட்டம் நுண்கலப்பு: மிகச் சிறிய சுழல்கள் இரு நீர்மங்களையும் மூலக்கூறு அளவில் அண்டச் செய்தல். இதற்கான நேரம் சிதறல் வீதத்தின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. சராசரிச் சிதறல் வீதத்தில் இது ஏறத்தாழ 31 மில்லிநொடி. கலக்கியை ஒட்டி ஊற்றினால் 7 மில்லிநொடி. சிதறல் வீதம் சராசரியில் பத்தில் ஒரு பங்கே உள்ள நீர்மப் பரப்பின் அருகில் ஊற்றினால் ஏறத்தாழ 100 மில்லிநொடி.

வேதிவினை பல நிமிடங்கள் நிகழ்வதாயின் இவ்வேறுபாடு பொருட்டன்று. ஆனால் நடுநிலையாக்கல், வீழ்படிவாக்கல், சில இணைப்பு வினைகள் போன்றவை மில்லிநொடிகளில் முடிந்துவிடும். அவற்றில் வேண்டிய வினையும் வேண்டாத வினையும் போட்டியிடும்போது, எது வெல்லும் என்பதை ஊற்றிய இடத்தின் சிதறல் வீதமே முடிவு செய்கிறது. ஊட்டுக்குழாயின் முனையைப் பரப்பிலிருந்து கலக்கியின் அருகுக்கு மாற்றுவதால் மட்டுமே விளைச்சல் உயர்வதன் காரணம் இதுவே.

அளவிடும் முறைகள்

ஓட்டத்துள் கருவியைச் செருகி அளவிட்டால் கருவியே ஓட்டத்தைக் குலைக்கும். இக்குறையை நீக்கியது லேசர் டாப்ளர் விரைவுமானி. 1964-இல் யே, கம்மின்ஸ் ஆகியோர் இதன் அடிப்படையை முதன்முதலாகச் செய்துகாட்டினர். இரு லேசர் கற்றைகள் ஒரு புள்ளியில் வெட்டும்போது அங்கு ஒளிர்வும் இருளுமான வரிகள் தோன்றுகின்றன. நீரில் மிதக்கும் நுண்துகள் ஒன்று அவ்வரிகளைக் கடக்கையில் மினுமினுக்கும். மினுக்கத்தின் அதிர்வெண்ணை வரி இடைவெளியால் பெருக்கினால் திசைவேகம் கிட்டும்.

632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்–நியான் லேசரின் கற்றைகள் 10 பாகைக் கோணத்தில் வெட்டினால் வரி இடைவெளி 3.6 மைக்ரோமீட்டர். நம் கலக்கியின் இதழ்முனை நொடிக்கு 1.57 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே வேகத்தில் செல்லும் துகள் நொடிக்கு ஏறத்தாழ 4.3 லட்சம் முறை மினுக்கும். உருளைக் கலனின் வளைந்த சுவர் கற்றைகளை முறைகேடாக வளைத்துவிடும் என்பதால், கலனை நீர் நிரம்பிய சதுரத் தொட்டிக்குள் வைத்து அளவிடுவது வழக்கம்.

இம்முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆறு இதழ்கள் நொடிக்கு ஐந்து சுற்று சுழலும்போது, கலக்கியின் அருகிலுள்ள ஒரு புள்ளியை நொடிக்கு 30 இதழ்கள் கடக்கின்றன. ஒவ்வோர் இதழும் கடக்கையில் திசைவேகம் ஏறி இறங்கும். இது ஒழுங்கான ஏற்றஇறக்கம், கொந்தளிப்பன்று. இதனையும் கொந்தளிப்போடு சேர்த்துக் கணக்கிட்டால் கொந்தளிப்பின் இயக்க ஆற்றல் உள்ளதைவிட மிகையாகத் தோன்றும். ஆகவே தண்டின் கோணத்தையும் உடன் பதிவுசெய்து, ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியே சராசரி காண்பது இன்றியமையாதது. இப்பிரிப்பைச் செய்யாத அளவீட்டோடு ஒரு கணினி மாதிரி பொருந்தினால், அப்பொருத்தத்துக்குப் பொருளே இல்லை.

விரைவுமானி ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே காணும். ஒரு தளம் முழுவதையும் ஒருங்கே காண்பது துகள் படிமத் திசைவேகமானி. மெல்லிய லேசர்த் தாளால் ஒளியூட்டி, மிகச் சிறிய கால இடைவெளியில் இரு படங்கள் எடுத்து, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துகள்கூட்டம் எவ்வளவு நகர்ந்தது எனக் கணினி ஒப்பிடும். 100 மில்லிமீட்டர் அகலத்தை 1000 படப்புள்ளிகளில் பதிவுசெய்து, 32 புள்ளிக் கட்டங்களைக் கொண்டால், ஒவ்வொரு கட்டமும் 3.2 மில்லிமீட்டர் அகலமுடையது. இது நம் 43 மைக்ரோமீட்டரைப்போல் ஏறத்தாழ 75 மடங்கு. கட்டத்தைவிடச் சிறிய சுழல்கள் அதற்குள் சராசரியாகி மறைந்துவிடும். ஆற்றல் சிதறுவதோ அச்சிறு சுழல்களில்தான். எனவே இப்படங்களின் திசைவேகச் சரிவுகளிலிருந்து நேரடியாகக் கணக்கிடும் சிதறல் வீதம் உண்மையைவிடக் குறைவாகவே அமையும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நுண்மை கிட்டும். ஆனால் காணும் பரப்பு சுருங்கும்.

ஒளி புகாத கலவைகளுக்கு, பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட பாசிட்ரான் உமிழ் துகள் தடமறிதல் போன்ற முறைகள் உதவுகின்றன. இவற்றின் செலவு மிகுதி.

இவையனைத்துக்கும் அருகில் மிக எளிய அளவீடு ஒன்றும் உண்டு: தண்டின் முறுக்குவிசை. நம் கலனில் அது 0.2 நியூட்டன்–மீட்டர். முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு பெறும் திறன், கலன் முழுவதும் சிதறும் ஆற்றலின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். உள்ளே விரிவாக அறியமுடியாத சிதறல் வீதத்தின் மொத்தத்தை இவ்வெளியளவீடு உறுதியாகச் சொல்லிவிடுகிறது.

மாதிரியாக்கும் முறைகள்

நீர்ம இயக்கத்தின் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டவை. அவற்றை எந்த எளிமையாக்கமும் இன்றித் தீர்ப்பதே நேரடி எண்முறை. ஆயின் அதற்கு நுண்ணளவு வரை கண்ணிகள் வேண்டும். 21 லிட்டரை 43 மைக்ரோமீட்டர்க் கனசதுரங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 27,000 கோடி கண்ணிகள் ஆகும். தொழிற்சாலைக் கலனுக்கு இதனை எண்ணிப்பார்க்கவும் இயலாது.

எனவே ரெனால்டு 1895-இல் காட்டிய வழியில் சமன்பாடுகளைச் சராசரியாக்குவர். சராசரியாக்கும்போது ஏற்றஇறக்கங்களின் விளைவு அறியாத் தகைவாக எஞ்சும். அதனைச் சராசரி ஓட்டத்தோடு இணைக்கும் அனுமானமே கொந்தளிப்பு மாதிரி. மிகப் பரவலானது லாண்டர், ஸ்பால்டிங் ஆகியோர் 1974-இல் முன்வைத்த வடிவிலுள்ள கே–எப்சிலான் மாதிரி. கொந்தளிப்பின் இயக்க ஆற்றலுக்கும் சிதறல் வீதத்துக்கும் தனித்தனிச் சமன்பாடுகளைக் கொண்டு, அவற்றிலிருந்து ஒரு ‘கொந்தளிப்புப் பாகியல்’ காணப்படும். இப்பாகியல் எல்லாத் திசைகளிலும் ஒன்றே என்பது அதன் அடிப்படை. தொடர்சுழல்கள் நிறைந்த கலக்கித் தாரையில் இவ்வடிப்படை பொருந்துவதில்லை.

சுழலும் கலக்கியை அசையாத கலனுக்குள் வைத்துக் கணக்கிடுவது மற்றோர் இடர். இவ்விடரைத் தீர்த்த வரலாற்றில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் கலக்கி இருக்கும் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல், அதன் எல்லையில் அளவிட்ட திசைவேகங்களைக் கொடுத்து எஞ்சிய பகுதியை மட்டும் கணித்தனர். இதற்கு நம்பத்தகுந்த அளவீடுகள் தேவைப்பட்டன. 1933-இல் மும்பையில் தொடங்கப்பட்டு, இன்று வேதித் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்கும் பல்கலைக்கழகத் துறையில், வி. வி. ரானடே, ஜே. பி. ஜோஷி ஆகிய இருவரும் சாய்விதழ்க் கலக்கிகளின் ஓட்டத்தை லேசர் டாப்ளர் விரைவுமானியால் அளந்து 1989-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வட்டத்தகட்டுச் சுழலிக்கான அளவீட்டையும் கணித மாதிரியையும் இணைக் கட்டுரைகளாகத் தந்தனர். அளவீடும் மாதிரியும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட முறை அது.

எல்லையில் அளந்த தரவைத் தருவதன் குறை வெளிப்படை: அளக்காத கலக்கிக்குக் கணிக்க இயலாது. இதனைக் கடக்க, சுழலும் கலக்கியின் ஒரு கணநிலையை எடுத்துக் கணிக்கும் ‘கணப்பட’ முறையை ரானடேயும் வான் டென் அக்கரும் 1994-இல் வளி–நீர்ம ஓட்டத்துக்குப் பயன்படுத்தினர். அதே காலத்தில், கலக்கிப் பகுதிக்குச் சுழலும் சட்டகத்தையும் எஞ்சியதற்கு நிலைச்சட்டகத்தையும் கொள்ளும் பன்முகச் சட்டக முறை வந்தது. கலக்கியோடு கண்ணிகளே சுழலும் நழுவுகண்ணி முறை கூடுதல் துல்லியமும் கூடுதல் செலவும் உடையது. ரானடே பின்னர் புனே தேசிய வேதி ஆய்வகத்தில் பணியாற்றி, வேதி வினைகலன்களின் ஓட்ட மாதிரியாக்கம் குறித்த நூலை 2002-இல் வெளியிட்டார்.

கே–எப்சிலானுக்கு மாற்றாகப் பெருஞ்சுழல் எண்முறை உள்ளது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணித்து, கண்ணியைவிடச் சிறியவற்றுக்கு மட்டும் அனுமானம் கொள்வது அது. டெர்க்சென், வான் டென் அக்கர் ஆகியோர் 1999-இல் இம்முறையால் தொடர்சுழல்களைத் தெளிவாகக் காட்டினர். பி. என். மூர்த்தி, ஜோஷி ஆகியோர் 2008-இல் கே–எப்சிலான், ரெனால்டு தகைவு, பெருஞ்சுழல் ஆகிய மூன்றையும் பல்வகைக் கலக்கிகளுக்கு அளவீட்டோடு ஒப்பிட்டனர். சராசரித் திசைவேகத்தைச் சிக்கனமான மாதிரிகளும் ஓரளவு நன்கு தந்தன. கொந்தளிப்பின் இயக்க ஆற்றலில் அவை பின்தங்கின. பெருஞ்சுழல் முறை முன்னின்றது.

இம்முடிவின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சராசரித் திசைவேகம் பெருஞ்சுற்றுகளால் அமைவது. அதனைத் தவறவிடுவதுதான் கடினம். சிதறல் வீதமோ மாதிரியின் அனுமானங்களை நேரடியாகச் சார்ந்தது. ‘அளவீட்டோடு பொருந்துகிறது’ என்னும் கூற்றைக் காணும்போது, ‘எந்த அளவு பொருந்துகிறது?’ என்று கேட்பதே ஆய்வாளரின் கடமை. பருக்கலப்பு மட்டும் தேவையெனில் திசைவேகப் பொருத்தம் போதும். விரைவான போட்டி வினைக்கு அது போதாது.

அளவுப்பெருக்கம்: எதை நிலைநிறுத்துவது?

நம் 21 லிட்டர்க் கலனை எல்லா அளவிலும் பத்து மடங்காக்குவோம். விட்டம் 3 மீட்டர். கொள்ளளவு 21,000 லிட்டருக்குச் சற்று மேல். கலக்கி விட்டம் 1 மீட்டர். சுழற்சி வேகத்தை எவ்வாறு தேர்வது?

முதல் வழி, பருக்கலப்பு நேரத்தை மாற்றாதிருத்தல். அதற்கு அதே 300 சுற்று வேண்டும். திறன் ஒரு லட்சம் மடங்காகி 625 கிலோவாட் ஆகும். இது நடைமுறைக்கு ஒவ்வாது.

இரண்டாம் வழி, இதழ்முனை வேகத்தை மாற்றாதிருத்தல். நிமிடத்துக்கு 30 சுற்று போதும். திறன் 625 வாட் மட்டுமே. ஆனால் ஒரு கிலோகிராமுக்கான சிதறல் பத்தில் ஒரு பங்காகி, நுண்கலப்பு மும்மடங்கு மந்தமாகும்.

மூன்றாம் வழி, கொள்ளளவுக்கான திறனை நிலைநிறுத்தல். சுற்று ஏறத்தாழ 65; திறன் 6.25 கிலோவாட். சராசரி நுண்கலப்பு நேரம் மாறாது. ஆயினும் பருக்கலப்பு நேரம் 5.6 நொடியிலிருந்து ஏறத்தாழ 26 நொடியாக உயரும். ஊற்றும் பொருள் அந்நேரம் முழுவதும் ஒரு பகுதியில் செறிந்திருக்கக்கூடும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் மாறாத உண்மை ஒன்றுண்டு. கலன்சுவரின் பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம் பத்தில் ஒரு பங்காகிவிடும். வினை உமிழும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது. அதனை நீக்கும் குளிர்வுறையோ பரப்பைப் பொறுத்தது. ஆய்வகத்தில் எளிதில் குளிர்ந்த கலவை தொழிற்சாலையில் அவ்வாறு குளிராது. எல்லாவற்றையும் ஒருங்கே நிலைநிறுத்த இயலாது என்பதே அளவுப்பெருக்கத்தின் சாரம். எதை விட்டுக்கொடுப்பது என்பதைத் தெரிந்து முடிவு செய்வதற்கே அளவீடும் மாதிரியும் வேண்டும்.

எளிய மூன்று சோதனைகள்

லேசர் கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு தொழிற்கூடங்களிலும் ஒரு கணினி மாதிரியைச் சரிபார்க்க மூன்று சோதனைகள் துணைபுரியும்.

ஒன்று, திறன் சோதனை. மாதிரியில் சிதறல் வீதத்தைக் கலன் முழுவதும் கூட்டி, தண்டின் முறுக்குவிசையால் பெறும் திறனோடு ஒப்பிடுதல். கே–எப்சிலான் கணிப்புகளில் இக்கூட்டுத்தொகை பெரும்பாலும் குறைந்தே நிற்கும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நுண்கலப்புக் கணிப்பை ஐயுற வேண்டும்.

இரண்டு, நிறநீக்கச் சோதனை. பினால்ஃப்தலீன் கலந்த காரநீரில் சற்று மிகையான அமிலத்தை ஊற்றி, இளஞ்சிவப்பு நிறம் முழுதும் மறையும் நேரத்தைக் குறித்தல். நிறம் கடைசியாக எஞ்சும் இடம் ஓட்டம் தேங்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று, அயோடைடு–அயோடேட் சோதனை. பிரான்சின் நான்சி நகர ஆய்வாளர்கள் 1996-இல் இதனை நுண்கலப்புக்கான அளவுகோலாக வகுத்தனர். போரேட், அயோடைடு, அயோடேட் கலந்த கரைசலில் சிறிது அமிலம் சேர்க்கப்படும். நுண்கலப்பு நன்றாயின் அமிலம் முழுவதும் போரேட்டோடு உடனே நடுநிலையாகும். மந்தமாயின் ஊற்றிய இடத்தில் அமிலம் மிகுந்து அயோடின் தோன்றும். அதன் அளவை நிறமாலைமானியால் 353 நானோமீட்டரில் அளக்கலாம். சிதறல் வீதத்தை நேரடியாக அளக்க இயலாத இடத்தில், அதன் விளைவை வேதிவினையே அளந்து சொல்கிறது.

முடிவுரை

கலக்கு வினைகலனின் ஓட்டத்தில் எளிதில் அளக்கக்கூடியதும் எளிதில் கணிக்கக்கூடியதும் சராசரித் திசைவேகம். வேதிவினைக்கு மிகுதியாக வேண்டப்படுவது சிதறல் வீதம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இத்துறையின் மையச் சிக்கல் என்பது மேற்கண்ட கணக்கீட்டால் பெறப்படுகிறது. லேசர் கருவியின் கட்ட அளவும் கணினியின் கண்ணி அளவும் ஒரே நுண்ணளவை எட்டமுடியாமல் நிற்கின்றன. ஆதலின் ஒன்றின் குறையை மற்றொன்றால் மட்டும் நிரப்ப முடியாது. முறுக்குவிசை, நிறநீக்க நேரம், அயோடின் விளைவு ஆகிய மூன்றும் அக்குறைக்கு வெளியே நின்று சான்று கூறுபவை.

மென்பொருள்கள் இன்று வண்ணப் படங்களை எளிதில் வரைந்து தருகின்றன. அப்படத்தை நம்பி 21,000 லிட்டர்க் கலனுக்குச் சுற்றுவேகத்தையும் ஊட்டுக்குழாயின் இடத்தையும் குறிப்பதற்கு முன்னர், 21 லிட்டர்க் கலனில் இம்மூன்று சோதனைகளையும் செய்து பார்ப்பது ஓரிரு நாள் வேலை. வேதித் தொழிற்சாலைகள் குடியிருப்புகளுக்கு அருகிலேயே அமைந்துள்ள நம் சூழலில், அவ்வோரிரு நாள் உழைப்பைத் தவிர்க்கலாகாது.